வாசல் சைப்ரஸுக்கு இரண்டு வாளி

அக்காவுக்கு,

மாடிப்படி இறங்கி வந்து நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் ஒரே வீட்டுக்குள் கடிதம். சிரிக்காதே. நாம் எதற்காகப் பேச்சை நிறுத்தினோம் என்பதை எழுதப்போவதில்லை; எழுதினால் மறுபடி கோபம் வரும்.

வாசல் தொட்டியில் இலை பழுத்துக்கொண்டே வந்த நம் சைப்ரஸ் செடி சாகவில்லை. நான் கூட்டி வந்த நர்சரிக்காரர் பட்டையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"தண்ணி இல்லாம பழுக்கலைம்மா, அதிகமாகித்தான் பழுக்குது. எவ்வளவு ஊத்துறீங்க?"

"காலையில ஒரு சின்ன வாளி. அவ்வளவுதான்."

"அப்ப இன்னொருத்தரும் ஊத்துறாங்க."

அப்போதுதான் தொட்டிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த உன் நீல வாளியைப் பார்த்தேன். நான் காலையில், நீ சாயங்காலம். நானோ, என் மேலுள்ள கோபத்தில் நீ அதற்கு வெந்நீர் ஊற்றுகிறாய் என்றுகூட நினைத்திருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இனி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டுமாம். வெயில் காலத்தில் அடிவேர் வரை நனைய வேண்டும். குளிர் காலத்தில் எப்போதாவது போதும். முக்கியமாக, ஊற்றுவதற்கு முன் "ஊத்தியாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

மழைக்காலத்தில் ஊற்றவே வேண்டாமாம். அந்த மாதங்களில் பேசுவதற்கு நாம்தான் வேறு ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும்.

மாடியிலிருந்து,
உன் தங்கை