தட்டை ஏந்தி வந்தவளின் பெயர்

நீங்கள் எனக்கு விட்டுப்போன பவுடர்ப் பேணியை, அந்தச் சின்னத் தகர டப்பாவை, இப்போதுதான் திறந்தேன். உள்ளே தூள் ஒன்றும் இல்லை. மணம் மட்டும் மிச்சம். டென்மார்க்கின் ஓகூஸ் நகர நாடக அரங்கின் ஒப்பனை அறையில், கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறேன். இன்னும் நாற்பது நிமிடத்தில் மேடையேற வேண்டும். ஓம், நான்தான், ஐம்பத்திரண்டு வயதில்! எனக்கே சிரிப்பு வருகிறது. இதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

முதலில் ஒரு புதினம், கேளுங்கள். ஒப்பனைக்காரப் பெண் பெட்டியைத் திறந்தபோது அதில் என் தோல் நிறத்துப் பூச்சு இருந்தது. ஒன்றல்ல, மூன்று வகை. உங்கள் கறுப்பு முகத்துக்கேற்ற பூச்சு படப்பிடிப்பில் யாரிடமும் இருக்காதென்று நீங்களே வீட்டில் குழைத்து இந்தப் பேணியில் கொண்டுபோன கதையை அவளுக்குச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

ரண்டர்ஸ் நகர முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து முதல் நாள் உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த தட்டைத்தான் பார்த்தீர்கள். "பிடிக்கிற விதம் சரியில்லை. அடியில் உள்ளங்கையை விரித்துப் பிடி. எனக்கு இதில் முப்பது வருட அனுபவம்," என்றீர்கள், அமெரிக்க வாடை போகாத டெனிஷில். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மீன் தொழிற்சாலை முதல் ஆஸ்பத்திரிச் சமையலறை வரை பார்த்தவளுக்கா தட்டுப் பிடிக்கத் தெரியாது?

நீங்கள் நடிகை என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு சின்ன ஊர், வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்த அம்மா, தேவாலயப் பாட்டு, நியூயோர்க்கில் ஒரு நிலவறை நாடகமேடை, பிறகு சினிமா. சினிமாவில் கிடைத்ததெல்லாம் வேலைக்காரி வேடம். கதவு திறப்பீர்கள், மேலங்கி வாங்குவீர்கள், தட்டு வைப்பீர்கள். ஒரு நாடகக் குழுவோடு டென்மார்க் வந்து, இங்கேயே தங்கி, டெனிஷ் படித்து, ஐம்பதை நெருங்கும்போது இதே ஓகூஸில் அரசியாக நடித்தீர்கள். அந்த வேடத்தில் எடுத்த புகைப்படம் கட்டிலுக்கு மேலே தொங்கியது. அதைப் பற்றிக் கேட்டால் கொட்டாவி விடுவீர்கள். வேலைக்காரிகளைப் பற்றிக் கேட்டால்தான் உங்களுக்கு உசார் வரும்.

ஒரு பின்னேரம் தொலைக்காட்சியில் உங்கள் பழைய படம் ஒன்று போனது. வந்தீர்கள், தட்டை வைத்தீர்கள், போனீர்கள். அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டேன்.

"அவ்வளவுதானா? அவள் பெயர் லொரேன். வீட்டில் மகனுக்குக் காய்ச்சல். அதனால்தான் தட்டைப் படக்கென்று வைக்கிறாள்," என்று பொரிந்தீர்கள். எழுதித் தந்த தாளில் 'வேலைக்காரி' என்று மட்டுமே இருந்ததாம். நீங்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயரும் வீடும் கவலையும் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு அந்தப் படத்தின் கதாநாயகன் யாரைக் கட்டினான் என்பதே எனக்கு நினைவில்லை. அடுத்த நாள் கோப்பியோடு வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டேன். விட்டது என்றீர்கள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

நீங்கள் கண்மூடி இரண்டு வருடம். இந்த வருடம் இந்த அரங்கு ஊர்ச்சனங்களை நடிக்கக் கூப்பிட்டது. ஆசையில் போனேன். மேடை ஓரத்தில் சப்பாத்தைக் கழற்றி, பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். சின்ன வயதில் நடனம் பழகிய கை, தானாகச் செய்துவிட்டது. நாடகத்தை இயக்கும் நெறியாளர் அதையும் நடிப்பென்று நினைத்து, நல்லாயிருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்வோம் என்றார். நான் திருத்தப் போகவில்லை. கிடைத்த வேடம் துப்புரவுக்காரி. ஒரு தட்டுக் கோப்பியும் மூன்று வசனமும்.

எப்போதும் டெனிஷிலேயே பதில் சொல்லும் என் மகள், என்ன வேடம் என்று கேட்டதும் தமிழில் சொன்னாள், நன்றாகச் சுடட்டும் என்றுதானோ என்னவோ. "முப்பது வருசமாத் துடைச்சது போதாதே அம்மா? மேடையிலயும் துடைக்கப் போறீங்களோ? நான் பார்க்க வரமாட்டன்."

உடைந்துபோனேன். வரவில்லை என்று நெறியாளருக்குக் கடிதமும் எழுதினேன். அனுப்பத்தான் மனம் வரவில்லை. லொரேன் குறுக்கே நின்றாள். சமைக்கிற குசினியில் மேசை முன் இருந்துகொண்டு அந்தத் துப்புரவுக்காரியிடமே கேட்டேன், நீ யாரடியம்மா என்று. ஒவ்வொன்றாய் வந்தது. விடியமுன் பஸ்ஸில் வருகிறவள். படித்த மகள் ஒருத்தி உண்டு. தான் துடைத்த நிலத்தைத் தானே சப்பாத்தோடு மிதிக்க மனம் வராதவள். அதுதான் கழற்றுகிறாள்! அன்றைக்கே நெறியாளரிடம் போய், நிகழ்ச்சித் தாளில் அவளுக்கு ஒரு பெயர் போட வேண்டும் என்றேன். போடலாம் என்றார்.

மகளுக்கும் அவளைப் பற்றி எல்லாம் சொன்னேன். வாசலுக்குப் போனவள் திரும்பி, "அவவுக்கு என்ன பேர்?" என்றாள். தாளில் வரும் என்றேன்.

இப்போது மேடைப் பக்கம் வந்து திரை இடுக்கால் எட்டிப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். வந்துவிட்டாள்! மடியில் தாளை விரித்து வைத்து, என் பெயருக்கு எதிரே இருக்கும் பெயரை விரலால் தொட்டு வாசிக்கிறாள். அது உங்கள் பெயர்.

மணி அடித்துவிட்டது. சப்பாத்தைக் கழற்றியாயிற்று. பேணி ஏப்ரன் பைக்குள் இருக்கிறது. தட்டை நீங்கள் சொன்னபடியே பிடித்திருக்கிறேன். வாங்கோ, போவோம்.