சமனில் முடிந்த ஆட்டம்

2007 மார்ச் 12, திங்கள்

ருஷ்ய லீக் சனிக்கிழமை தொடங்கிவிட்டது. ஆசிரியர் கூப்பிட்டு, போன வருஷம் போலவே வாரம் ஒரு பக்கம் என்றார். பெயரும் பழைய பெயர்தான், கோ ஸின். பந்தாட்டத்தைப் பற்றிக் கரீமா என்று ஒருத்தி எழுதினால் பத்திரிகை விற்காதாம். பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மார்க்குக்குப் பல்கலைக்கழகத்தில் ருஷ்ய மொழிதான் கிடைத்தது. அந்த மொழிக்கு யாங்கோனில் கிடைத்த வேலை இது. மாஸ்கோ பத்திரிகைகளை இணையத்தில் படித்துப் பர்மியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சாப்பிடும்போது அண்ணன், பாரி நானா, கேட்டார்: "இந்த வருஷம் யாரு ஜெயிப்பா புள்ள?"

ஸ்பார்தாக் என்றேன். தலையாட்டிக்கொண்டார். சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

ஏப்ரல் 23

நானாவின் சட்டையை அவர் மனைவி, மச்சி, வாளியில் ஊறப் போட்டிருந்தார். தண்ணீர் பழுப்பாக இருந்தது. "அவங்க ரத்தமில்ல," என்றார்.

ஜூன் 25

இங்கிலாந்துக்காரர்கள் ஓய்வில் இருக்கிறார்கள். அதனால் எங்கள் லான்மடா, லத்தா வட்டாரங்களில் பந்தயம் கட்டுகிற ஆண்களெல்லாம் வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பழகுகிறார்கள். காஸன். ராமென்ஸ்கோயே. இங்கிலாந்து ஆட்டத்தை டிஷ்ஷில் பார்க்கலாம். ருஷ்ய ஆட்டத்துக்கு என் பக்கத்தை விட்டால் வேறு வழியில்லை. கோ ஸின் யாரென்று தெரியாமலே அவன் பேச்சைத் தேநீர்க் கடையில் பேசுகிறார்கள். கீழ்த்தளத்து மோகனும்தான். பேட்டரி சார்ஜ் போடுகிற கடை வைத்திருப்பவன். கோ ஸின் நான்தான் என்று வெளியாட்களில் அவனுக்கு மட்டும் தெரியும். கரண்ட் போகும்போது என் கம்ப்யூட்டருக்கு அவன்தானே பேட்டரி தூக்கி வருகிறான்.

நானா இப்போது உ தான்பேயிடம் முழுநேரம். உ தான்பே ஒரு டைங், அதாவது பந்தயம் பிடிக்கிறவர். தோற்றுவிட்டுக் கட்டாதவர்களிடம் போகிறவர் நானா. என்ன செய்கிறார் என்று இதுவரை ஊகம்தான். இன்றைக்குக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

லத்தா மீன் கடைப் பக்கம். ஒருவனின் கையை இரும்புக் கதவின் இடுக்கில் வைத்துவிட்டு நானா கதவை இழுத்தார். அவசரமே இல்லை. விரல்கள் சரியாக உள்ளே இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். மறுபடியும் இழுத்தார். அந்த ஆள் கத்தவில்லை, வாய் மட்டும் திறந்தது. பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் உடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டில் என்னிடம், "அந்தப் பக்கம் ஏன் வந்த?" என்றார். நான் எழுதியதை நம்பிக் கட்டியவனோ? வாப்பா உயிரோடு இருந்தால் நானாவை வீட்டுக்குள் கால் வைக்க விட்டிருப்பாரா?

நானும் இதே வீட்டில்தான் சாப்பிடுகிறேன்.

ஜூலை 16

அலுவலகத்துக்குள் நான்கு பேர் வந்தார்கள். "கோ ஸின் யாருடா?" போன வாரம் நான் எழுதியதற்கு நேர்மாறாக ஆட்டம் முடிந்திருந்தது. ஆசிரியர் எழுந்து, "வெளியூரிலிருந்து எழுதி அனுப்புகிறவர்," என்றார். கண்ணாடியோடு சேர்த்து அறைந்தார்கள். கண்ணாடித் துண்டு புருவத்தில் இறங்கிவிட்டது. நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒருவன் என் நாற்காலியை இடித்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க அக்கா," என்று சொல்லிக் கடந்து போனான்.

ஆசிரியருக்கு ஏழு தையல். "அடுத்த வாரமும் எழுது. ஆனா பர்தாவைப் போட்டு எழுதற மாதிரி எழுது, பட்டும் படாமலும்," என்று சிரித்தார். சிரிக்கும்போது தையலில் ரத்தம் கசிந்தது.

ஆகஸ்ட் 16

நேற்று எண்ணெய் விலையைப் பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். காலையில் பஸ் கட்டணம் கேட்டுவிட்டுப் பாதிப் பேர் இறங்கி நடந்தோம். மோகனின் அம்மா வேலம்மா படியில் உட்கார்ந்து யாரை என்று சொல்லாமல் திட்டிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 14

முதல் நோன்பு. நானா வைத்திருக்கிறார். நோன்போடு ஒருவனை அடிக்க முடியுமா? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 27, வியாழன்

எழுதிவிட வேண்டும்.

அரசை எதிர்த்துப் பிக்குகளின் ஊர்வலம் பத்து நாளாகப் போகிறது. நேற்றே சிப்பாய்கள் அடித்தார்கள். இன்று சுலே பகோடா பக்கம் சுட்டார்கள். நான் அலுவலகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். முதலில் பட்டாசு என்றுதான் நினைத்தேன். எதிரே வந்த கூட்டம் திரும்பியது, நானும் திரும்பினேன். பச்சை லோன்ஜி கட்டிய ஒரு பையன், கல்லூரிக்காரன் போல, எனக்கு முன்னால் ஓடியவன், உட்கார்ந்தான். விழவில்லை, உட்கார்ந்தான். அப்புறம்தான் சாய்ந்தான். தொண்டையிலிருந்து ரத்தம் வந்தது. நான் நிக்கல. தாண்டி ஓடினேன். தாண்டித்தான் ஓடினேன். ஒரு மாடிப்படிக்குள் எங்களை இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திய அம்மாளின் முகம்கூட நினைவில்லை. தெரு முழுக்கச் செருப்பு.

நோன்பு திறக்க மறந்துவிட்டேன். மச்சிதான் வாயில் தண்ணீர் ஊற்றினார்.

செப்டம்பர் 29

இணையம் நின்றுவிட்டது. வெளிநாட்டுக்குப் போன் போகவில்லை. பத்திரிகை இந்த வாரம் இல்லை. இரவில் ஊரடங்கு, ஆட்களை வீட்டிலிருந்து கொண்டுபோகிறார்கள்.

உ தான்பேக்கு வேறு கவலை. ஞாயிறு ஆட்டத்துக்கு வெள்ளிக்கு முன்பே பந்தயம் பிடித்துவிட்டார். மாஸ்கோ அணி ஒன்று சொந்த மைதானத்தில் ஆடுகிறது. எந்த அணி என்று இங்கே எழுத வேண்டாம், நோட்டு யார் கையில் போகுமோ. அவர்களுடைய கோல்கீப்பருக்குக் காயம், வெளியூர் அணியைச் சாதாரணமாக நினைக்க முடியாது என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தெருவில் பாதிப் பேர் வெளியூர் அணிமேல் கட்டியிருக்கிறார்கள். இந்தப் பந்தயக் கணக்கில், சமனில் முடிந்தாலும் வெளியூர் அணிமேல் கட்டியவர்களுக்குத்தான் ஜெயம். மோகனும் கட்டியிருக்கிறான்.

"எப்படி முடிஞ்சுதுன்னு யாருக்கும் தெரியப் போறதில்ல," என்று நானா மச்சியிடம் சொன்னது காதில் விழுந்தது.

அக்டோபர் 1, காலை

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தபோது வாப்பாவின் ரேடியோவைப் போர்வைக்குள் வைத்துத் திருகினேன். சிற்றலையில் மாஸ்கோ கிடைத்தது. செய்தி, வானிலை, கடைசியில் ஆட்டம். சமன்.

மோகன் படியில் நின்று, "கரீமாக்கா, ஏதாவது தெரிஞ்சுதா?" என்றான். சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு படி தாவி இறங்கினான். யாரிடமும் சொல்லாதே என்று கத்தியிருக்க வேண்டும்.

அக்டோபர் 5

இடக் கையால் எழுதுகிறேன். நேற்றுப் பாதி, இன்று பாதி.

முதல் தேதி காலை பத்து மணிக்கு வந்தார்கள். உ தான்பே முன்னால், வெள்ளைச் சட்டை, செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார். பின்னால் நானா, மோகனின் பிடரியைப் பிடித்துக்கொண்டு. மோகன் தேநீர்க் கடையில் சொல்லிவிட்டான். தெரு முழுக்கப் பரவிவிட்டது.

நானா என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "மாஸ்கோ ஜெயிச்சுதுன்னு சொல்லு. ஒரு வார்த்தை. இவனும் பொழச்சுக்குவான், நானும் பொழச்சுக்குவேன்."

"நோன்பு வச்சிருக்கேன் நானா."

"நானும்தான் வச்சிருக்கேன்."

கூடத்தில் உ தான்பே பாயில் உட்கார்ந்திருந்தார். என்னைச் சயாமா என்றுதான் கூப்பிடுவார். ஆசிரியைக்குச் சொல்கிற மரியாதைச் சொல். "சயாமா, ருஷ்யாக்காரன் என்ன சொன்னான்?" என்று பர்மியில் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

மோகன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். எனக்குத் தைரியம் என்றெல்லாம் இல்லை. பொய் சொல்ல வாய் எடுத்தேன், சத்தியமாக. வந்தது "சமன்" என்ற சொல்தான்.

அவர் சிரித்தார். "இந்த ஊரில் அதைக் கேட்டது சயாமா ஒருத்தர்தான். சயாமா தப்பாகக் கேட்டிருக்கலாம். மோகன் தெருவுக்குப் போய், அக்கா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று சொல்லட்டும்." பிறகு நானாவைப் பார்த்து, "சொல்ல வை," என்றார்.

நானா இடுப்பிலிருந்து இரும்புக் குழாயை எடுத்தார். முதல் அடி தோளில். இரண்டாவது விலாவில், சுள்ளி ஒடிகிற சத்தம். மோகன் பாயில் சுருண்டான். "சொல்றியா?" "கோ பாரி, ஒங்க தங்கச்சி சொன்னதுதானே சொன்னேன்." மூன்றாவது முழங்காலில். கீழேயிருந்து வேலம்மா மகன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். மச்சி உள்ளறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுகிறார். உ தான்பே வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

நான்காவது அடி தலைக்குத்தான் வந்தது. நான் குறுக்கே கையை நீட்டினேன். நினைத்து நீட்டவில்லை. மணிக்கட்டில் விழுந்தது. கை என்னுடையது இல்லாதது போலத் தொங்கியது. வலி வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

நானா நின்றார். என் கையைப் பார்த்தார். அவர் முகம் – அது எப்படி இருந்தது? கதவிடுக்கில் விரல்களைக் குனிந்து பார்த்தாரே, அந்த முகம் இல்லை.

உ தான்பே, "தங்கச்சி நகர்ந்துகொள்ளட்டும். மேலே நடக்கட்டும்," என்றார்.

நானா திரும்பி அவரை அடித்தார். வாயில். வெற்றிலையும் ரத்தமும் சுவரெல்லாம். விழுந்தவரை மறுபடி அடித்தார், மறுபடி. நான் நானா நானா என்று கத்தினேன். காதில் விழவில்லை. இத்தனை வருஷமாக எவனெவனையோ அடித்தவர் முதல் தடவையாக அன்றைக்குத்தான் கோபத்தில் அடித்தார் என்று நினைக்கிறேன். மச்சி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் நிறுத்தினார்.

உ தான்பே சாகவில்லை. ஆட்கள் வந்து தூக்கிப் போனார்கள். மோகனை அவன் அம்மா பக்கத்து வீட்டாரோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விலா எலும்பு மூன்று, முழங்கால் சிப்பி.

"கியாக்தானுக்குப் போயிடுங்க," என்று மச்சி கெஞ்சினார். அவர் அண்ணன் வீடு அங்கே. நானா போகவில்லை. எனக்குக் கட்டுப் போட வைத்தியரைக் கூட்டி வந்தார். கட்டுப் போடும்போது என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்னது சரியாத்தானே புள்ள? சமன்தானே?"

"சமன்தான்."

"சரி," என்றார்.

மறுநாள் இரவு ராணுவ லாரி வந்தது. ஊர்வலத்தில் கல் எறிந்தவர் என்று சொல்லி நானாவைக் கொண்டுபோனார்கள். நானா ஒரு நாள் ஊர்வலத்தைப் பார்க்கக்கூடப் போனதில்லை. சொல்லிக் கொடுத்தது யார் என்று தெருவுக்கே தெரியும். உ தான்பே தன் ஆட்களை அனுப்பவில்லை. இந்த மாதத்தில் ஒரு பெயரைச் சொன்னாலே போதும்.

மாடிப்படியில் அவர் கைகளைப் பின்னால் கட்டி முகத்தில் துணியைப் போட்டார்கள். ஒரு படி தவறினார். அதற்கும் அடித்தார்கள்.

அக்டோபர் 14

பெருநாள். சோறு ஆக்கவில்லை.

வேலம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "ஓங்கண்ணன் கை ஒடியணும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஓங்கை எப்படியிருக்கு?" என்றார். பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்டோபர் 22

மச்சியும் நானும் சிறை வாசலுக்குப் பொட்டலம் எடுத்துப் போனோம். காவல் கூண்டுக்குள் இருந்தவர் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டதற்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பொட்டலத்தை வாங்காவிட்டால் என்ன அர்த்தம் என்று வரிசையில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் தெரியும். உயிரோடு இருப்பவருக்குத்தான் பொட்டலம் உள்ளே போகும்.

அக்டோபர் 29

வாங்கவில்லை.

நவம்பர் 5

வாங்கவில்லை. நான் பொய் சொல்லியிருந்தால் மோகன் அடி வாங்காமலே ஒத்துக்கொண்டிருப்பான், நானா இன்றைக்கு வீட்டில் இருந்திருப்பார், மறுநாள் வேறொருவனின் கை கதவிடுக்கில் இருந்திருக்கும். எதை வேண்டிக்கொள்வது என்று தொழுகையில் தெரியவில்லை.

நவம்பர் 12, திங்கள்

நேற்று லீக் முடிந்தது. ஸெனித் சாம்பியன், ஸ்பார்தாக்குக்கு இரண்டு புள்ளி குறைவு. இணையம் திரும்ப வந்துவிட்டது, பத்திரிகையும் வருகிறது. இந்த வாரத்தோடு வேறு பக்கம் கொடுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றார், காரணம் கேட்கவில்லை.

காலையில் சிறை வாசல். அரிசிமுறுக்கு, கருவாடு, ஒரு சோப்பு, ஒரு கைலி. கூண்டில் வேறொரு காவலர், வயதானவர். பெயரைச் சொன்னேன். உள்ளே போய்விட்டு வந்தார். பொட்டலத்தைப் பிரித்தார்.

கைலியை எடுத்து வைத்துக்கொண்டார். சோப்பை எடுத்து வைத்துக்கொண்டார். முறுக்கையும் கருவாட்டையும் எங்கள் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"இதெல்லாம் வேண்டாம். அவனால் மெல்ல முடியாது," என்றார். குரலைத் தாழ்த்தி, "கஞ்சி மாதிரி ஏதாவது கொண்டு வாங்க. புதன்கிழமை நான்தான் இருப்பேன்."

மச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார், எது என்று தெரியவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பெண், "வாங்கிட்டாங்களா?" என்று பர்மியில் கேட்டாள்.

வாங்கிவிட்டார்கள் என்றேன்.

நாளை மாலையே அரிசியை ஊற வைக்க வேண்டும். நன்றாகக் குழைய விட வேண்டும்.