குறிப்புப் பெட்டிக்கு அடியில் ஒரு வீடு

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். இப்போதைக்கு இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்ல எனக்கு அனுமதி இருக்கிறது. உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. சின்னவள் முன்பல் விழுந்து சிரிக்கும் படத்தை அண்ணி விதைப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு முதுகு வலி என்று எழுதியிருந்தாய். நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்களுக்கு வரும் வியாதி என்று முன்பு கேலி செய்திருக்கிறேன். மூன்று மாதமாக நானும் நாற்காலியில்தான் இருக்கிறேன். சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன் என்று அவரிடம் சொல்.

நாம் பிறந்து வளர்ந்த நிலம் நம்முடையது அல்ல, ஊருக்குச் சொந்தம் என்பது உனக்குத் தெரியும். ஊர்ப் பதிவேட்டில் பெயருள்ள எல்லோருக்கும் அந்த அறுபது ஏக்கரில் சரிசமப் பங்கு. அப்பா குத்தகைக்கு எடுத்து உழுதார், பிறகு நான். இந்த அறுவடையோடு குத்தகை முடிகிறது. வழக்கமாக நிர்வாகக் குழுவில் நாலு பேர் கூடி, டீ குடித்து, புதுப்பித்துவிடுவார்கள். இந்த முறை, ஊர் நிலத்தின் எதிர்காலத்தை நாலு பேர் டீ குடித்து முடிவு செய்வது முறையல்ல, ஊரே குடித்து முடிவு செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நியாயமான பேச்சுதான். கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

தட்டிய கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். தலைவர் மருந்துக்கடைக்காரர். செயலாளர் வேலைக்கு நல்ல கையெழுத்துள்ள ஒருவர் வேண்டும் என்றார். டாக்டர்களின் கிறுக்கலை முப்பது வருஷமாகப் படித்துவரும் மனிதருக்கு அப்படி ஓர் ஏக்கம் இருப்பது இயற்கை. கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பண்ணை வாசல் பலகையில் 'இன்று பறித்த பீன்ஸ்' என்று நான் சாக்பீஸால் எழுதுவதை இத்தனை பேர் ரசிக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுந்து நின்று சரி என்றேன். உட்கார்ந்த பிறகுதான் விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். ஒன்பதாவது விதி: செயலாளர் எல்லோருடைய கருத்தையும் பதிவு செய்ய வேண்டும், அவருக்கென்று கருத்து எதுவும் இருக்கக் கூடாது.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அண்ணி கேட்டது ஒரே கேள்வி. "அப்ப நம்மளப் பத்தி யாரு பேசுவா?" அதை யோசிக்கவில்லை என்றேன். "யோசிச்சிருந்தா கையெழுத்து நல்லா வந்திருக்காது" என்றாள்.

கூட்டங்களை நடத்தித்தர நகரத்திலிருந்து ஓர் ஆலோசகர் வந்திருக்கிறார். நல்ல பெண்மணி. யாரிடமும் கோபப்படுவதில்லை. "இங்க தப்பான பதில்னு எதுவுமே கிடையாது, தைரியமா கனவு காணுங்க" என்று ஒவ்வொரு கூட்டத்தையும் தொடங்குவார். நிலத்தின் படத்தைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார். ஆளுக்கு ஐந்து பச்சைப் பொட்டு, இரண்டு சிவப்புப் பொட்டு, எல்லாம் ஒட்டும் காகிதம். என்ன வேண்டுமோ அந்த இடத்தில் பச்சை, என்ன வேண்டாமோ அங்கே சிவப்பு. எனக்கும் ஏழு பொட்டு கொடுத்துவிட்டு, ஒன்பதாவது விதி நினைவுக்கு வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார்கள்.

ஊரே கனவு கண்டது. தேனீ வளர்ப்பு, மூலிகைத் தோட்டம், சைக்கிள் பாதை, முதியோர் நடக்க ஓர் இடம், அந்த முதியோரைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் நடக்க வேறோர் இடம். ஒருவர் ஏரி கேட்டார். இன்னொருவர் அந்த ஏரிக்கு நடுவில் ஒரு தீவு கேட்டார். வெங்காயம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வெங்காயம் ஏற்கெனவே இருப்பதால் அதைக் கனவில் சேர்க்க முடியாது என்பது ஆலோசகரின் விளக்கம்.

உன் அண்ணியும் தன் ஏழு பொட்டோடு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். நம் வீட்டைத் தேடினாள். கிணறு இருந்தது, வாய்க்கால் இருந்தது, டிராக்டர் கொட்டகைகூட இருந்தது. வீட்டைக் காணோம். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் குறிப்புப் பெட்டியை அச்சடிக்கக் காலி இடம் தேடியவர்கள், சரியாக நம் வீட்டின் மேல் அதை அச்சடித்திருந்தார்கள். யார் மேலும் பழி சொல்ல முடியாது. அங்கேதான் பெட்டிக்கு இடம் இருந்ததாம். அண்ணி ஐந்து பச்சைப் பொட்டையும் அந்தப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிட்டு வந்தாள். அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "பங்கேற்பாளர் ஒருவர் குறிப்புப் பெட்டிக்கு வலுவான ஆதரவு தெரிவித்தார்." எழுதியவன் நான்தான். ஆலோசகர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

நாங்கள் இங்கே குடியிருப்பது ஊரில் யாருக்கும் தெரியாததல்ல. பொதுமக்கள் நிலத்தைச் சுற்றிப் பார்க்கும் நாளில் நாற்பது பேர் நம் முற்றம் வழியாகத்தான் போனார்கள். அண்ணி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். அவள் கையிலிருந்து சொம்பை வாங்கிக் குடித்துக்கொண்டே ஒருவர், "இந்தச் சமையலறை நல்ல வெளிச்சம், ஒரு டீக்கடை போட்டா அமோகமா ஓடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொம்பைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தார். படத்தில் இல்லாததைப் பற்றிக் கருத்துச் சொல்ல, அன்று அவர்களுக்குக் கொடுத்த படிவத்தில் இடமில்லை, அவ்வளவுதான்.

இனிமேல் அண்ணியாவது பேசட்டும் என்றால் அதற்கும் வழியில்லை. ஐந்து பொட்டு விவகாரத்துக்குப் பிறகு யாரோ ஆட்சேபணை எழுப்பி, செயலாளரோடு ஒரே கூரையின் கீழ் வசிப்பவர்களையும் ஒன்பதாவது விதி கட்டுப்படுத்தும் என்று தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். உன் அண்ணி எழுந்து, "படத்துல கூரையே இல்லையே, நாங்க எந்தக் கூரைக்குக் கீழ இருக்கோம்?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. கருத்துச் சொல்லத் தகுதியில்லாதவரின் கேள்வி என்பதால் அது குறிப்பில் ஏறவில்லை.

ராஜினாமா செய்யலாமே என்று நீ கேட்பாய். செய்தேன். ராஜினாமாக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தால்தான் செல்லும், வாசிப்பது செயலாளர் வேலை, தன் சொந்த விஷயத்தைச் செயலாளர் வாசிக்கக் கூடாது. தலைவர் ரொம்ப வருத்தப்பட்டார். "என்ன செய்யறது, விதி நம்ம கையிலயா இருக்கு?" என்றார். அது அவர் கையில்தான் இருந்தது; நீல அட்டை போட்ட புத்தகம்.

பள்ளத்து மூலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்த விசில் சாரை மறந்திருக்க மாட்டாய். என் மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் தலைமையில் நாற்பத்து மூன்று பச்சைப் பொட்டுகள் அந்த மூலையில் விழுந்திருக்கின்றன. சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம். நிலம் வாங்காமலே கிடைக்கும் சமதரை என்கிறார். இது வெயில் காலம். தரை சமமாகத்தான் இருக்கிறது. அவர் பேசி முடித்துவிட்டு நேராக என்னைப் பார்த்து, "மண்ணை அறிஞ்சவன் நீ. உனக்கு ஏதாச்சும் ஆட்சேபணை இருக்காப்பா?" என்று கேட்டார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கூட்டம் எங்கள் இருவரையும் பார்த்தது. பிறகு குனிந்து, "ஆட்சேபணை எதுவும் எழவில்லை" என்று எழுதினேன். நாற்பது வருஷம் அந்த மூலையில் சேறு மிதித்த காலோடு உட்கார்ந்து எழுதினேன்.

கடிதத்தை இங்கே நிறுத்திவிட்டு வெங்காய நாற்றைப் பார்க்கப் போயிருந்தேன். இன்னும் பத்து நாளில் பிடுங்கி நட்டாக வேண்டும். நட்டால், விளைவதற்குள் நிலம் ஏரியாகிவிடலாம், தீவோடு. நடாவிட்டால், செயலாளருக்கே முடிவு முன்கூட்டித் தெரிந்திருக்கிறது என்று ஊர் பேசும். நடலாமா என்று குழுவிடம் கேட்டால் அதுவும் ஒரு கருத்து. உன் அண்ணி தினமும் பாத்தி ஓரத்தில் நின்று, "ஏங்க, நடறதா வேண்டாமா?" என்கிறாள். அவளுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. ஊர்க் கூட்டத்தில் பூட்டிய வாய், வீட்டிலும் திறக்க மறக்கிறது. நேற்று குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்லக்கூட யோசித்தேன் என்றால் பார்த்துக்கொள்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி கடைசிக் கூட்டம். அன்று எல்லாக் கனவுகளையும் வடிகட்டி ஒரு திட்டமாக்குவார்கள். அதற்கு முன் ஒரு விதியை உனக்குத் தெரியப்படுத்துவது செயலாளர் என்ற முறையில் என் கடமை. இந்தக் கடிதத்தில் நான் கடமையாகச் செய்வது இது ஒன்றுதான். இருபத்திரண்டாவது விதி: பதிவேட்டில் பெயருள்ள ஒருவர் வெளியூரில் வசித்தால், தன் கருத்தைக் கடிதமாக அனுப்பலாம். அதைச் செயலாளர் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒரு சொல்லும் விடாமல், நிறுத்தாமல் உரக்க வாசிக்க வேண்டும். உன் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. நேற்றுப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்து, கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் தெளிவாக இருக்கிறது. நீ என் கூரையின் கீழ் வசிக்கவும் இல்லை.

அதில் நீ என்ன எழுத வேண்டும் என்று நான் சொன்னால் விதிமீறல். ஆகையால் சொல்லவில்லை. வேறு விஷயம் பேசுவோம். உனக்கு எட்டு வயதில், மழை நின்று நாலாம் நாள், அம்மாவின் பெரிய அண்டாவில் ஏறி உட்கார்ந்துகொண்டு நீ கப்பல் விட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அண்டா கவிழ்ந்து, அப்பா கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி உன்னைத் தூக்கி வந்தாரே, அது எந்த மூலை? சும்மாதான் கேட்கிறேன். உன் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாயா? நீ பிறந்த வீடு எங்கே இருக்கிறது என்று அவர்கள் படத்தில் காட்டச் சொன்னால் எங்கே காட்டுவாய்? இதுவும் சும்மாதான். இந்த இரண்டுக்கும் எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

மாப்பிள்ளையை உயரமான நாற்காலியில் உட்காரச் சொல். பெரியவன் பரீட்சையில் தேறட்டும், சின்னவளுக்குப் பல் நேராக முளைக்கட்டும். நீங்கள் எல்லோரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நானும் அண்ணியும் விரும்புகிறோம். இது கருத்துதான், பதிவாகாது.

ஒருவேளை ஊருக்கு நீ ஏதாவது எழுதுவதாக இருந்தால், தபால் பன்னிரண்டுக்குள் வந்துவிட வேண்டும். வாக்கியங்களைச் சின்னச் சின்னதாக எழுது அம்மா. நடுவில் நிறுத்த எனக்கு அனுமதி இல்லை.

உன் அண்ணன்