சிடாம் கிரியில் நின்ற நேரம்

இன்று காலை பரீட்சை மண்டபத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண், கைப்பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து நெற்றிப் பொட்டில் தேய்த்துக்கொண்டாள். அந்த வாசனை வந்ததும் என்னையறியாமல் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டேன். ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு இடம் விடுகிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. உனக்குத்தான். பஸ்ஸில் ஏறியதும் நீ செய்கிற முதல் வேலை அதுதானே. உனக்கு பஸ் என்றாலே குமட்டும், ஆனாலும் இத்தனை வருஷமும் அந்தத் தொழிற்சாலை பஸ்ஸில்தான் வேலைக்கு வந்தாய்.

எழுதிவிட்டேன். எஸ்.பி.எம். பள்ளியிறுதிப் பரீட்சையின் கணக்குப் பேப்பர். நாம் இருவரும் சேர்ந்து எழுதுவதாக இருந்த அதே பேப்பர். மண்டபத்தில் பாதிப் பேர் என் மகள் வயதுப் பிள்ளைகள். வாசலில் ஒருத்தி என்னை மேற்பார்வைக்கு வந்த டீச்சர் என்று நினைத்து வணக்கம் சொன்னாள். நீ இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் என்னைக் கேலி செய்திருப்பாய்.

தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை முதலில் பார்த்தது நீதான். மெஷின் முன்னால் நிற்கிற பெண்களும் டெக்னீஷியன் பயிற்சிக்கு மனுப் போடலாம், ஆனால் எஸ்.பி.எம். கணக்கில் கிரெடிட் தேர்ச்சி இருக்க வேண்டும். நாம் இருவருமே பதினேழு வயதில் கணக்கில் கோட்டை விட்டவர்கள். நான் தாளைப் படித்துவிட்டுத் திரும்பி நடந்தேன். நீ நகரவில்லை.

"இன்னும் எத்தன வருஷத்துக்குடி இந்த மெஷின் முன்னாடியே நிக்கிறது? காலு வீங்கிப் போச்சு. வா, எழுதுவோம்லா."

"கணக்குடி. வெளையாட்டா?"

"கணக்கு என்ன, நம்மளக் கடிச்சுத் திங்கவா போவுது?"

அன்று முதல் பஸ்தான் நமக்கு வகுப்பறை. நான் என் ஊரான லூனாஸில் ஏறி, பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து உனக்கு இடம் பிடிப்பேன். சிடாம் கிரி முச்சந்தியில் பஸ் நிற்கும். அங்கே ஏறுவது நீ ஒருத்தி மட்டும்தான். தைலம் தேய்த்து, பெருமூச்சு விட்டு, "ம், எங்க விட்டோம்?" என்று கேட்பாய். தொழிற்சாலை இருக்கிற சுங்கைப் பட்டாணி போய்ச் சேரும் வரை மடியில் புத்தகம்தான். பின்னால் இருந்தவர்கள், 'ரெண்டு பேரும் யூனிவர்சிட்டிக்குப் போறாங்க' என்று சிரித்தார்கள். நீ திரும்பிப் பார்த்து, "ஆமா, வர்றீங்களா?" என்றாய்.

பின்னங்களைத் தாண்டினோம், விழுக்காட்டைத் தாண்டினோம். வேகம், தூரம், நேரம் என்ற பாடத்தில் வந்து மாட்டிக்கொண்டோம். அந்தக் கணக்கை எத்தனை முறை போட்டிருப்போம்! ஒரு பஸ் அறுபது கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே வழியில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. முழுப் பயணத்துக்கும் சராசரி வேகம் என்ன? புத்தகத்தில் மலாயில் 'லாஜு புராத்தா' என்று இருக்கும். அறுபதையும் நாற்பதையும் கூட்டிப் பாதியாக்கி ஐம்பது என்றேன். புத்தகத்தின் கடைசியில் விடை நாற்பத்தெட்டு என்று போட்டிருந்தது. அச்சுப் பிழை என்று நான் சாதித்தேன்.

உன் கோபமோ வேறு.

"இந்த பஸ்ஸு எங்கெங்க நிக்குது?"

"எங்கயும் நிக்கல."

"நிக்காமலா? அது என்னாடி பஸ்ஸு? சிடாம் கிரியில நிக்காமப் போனா நான் எப்படி வேலைக்கு வர்றது?"

சொன்னதோடு விட்டாயா? ஆள் ஏற்றுகிற ஒவ்வொரு இடத்துக்கும் நேரம் போட்டுக் கூட்டினாய். டிரைவர் அண்ணன் வழியில் இறங்கி காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்குகிற நேரத்தையும் சேர்த்தாய். விடை எங்கோ போய் நின்றது. கணக்கில் இல்லாததையெல்லாம் ஏன் சேர்க்கிறாய் என்று நான் கத்தினேன். "நின்ன நேரமும் பயணம்தான்டி. அந்த நேரம் பூரா நான் பஸ்ஸுலதான உக்காந்திருக்கேன்?" என்று நீயும் கத்தினாய். வருஷக்கணக்காக ஆள் ஏற்றும் பஸ்ஸிலேயே வாழ்ந்தவர்களுக்கு, நிற்காத பஸ் ஒன்றைக் கற்பனை செய்யக்கூட வரவில்லை.

நாற்பத்தெட்டின் முடிச்சை அவிழ்த்ததும் நீதான். ஒரு நாள் சாலையில் வெள்ளம், பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று என் தோளில் அடித்தாய். "ஏய், வேகமாப் போனா சீக்கிரம் எறங்கிடுறோம். மெதுவாப் போனாத்தான் ரொம்ப நேரம் உக்காந்திருக்கோம். அப்ப ரெண்டும் எப்படிச் சமமாகும்? மெதுவாப் போன நேரந்தான கூட?" போக ஒரு மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம். நூற்றிருபது கிலோமீட்டரை இரண்டரையால் வகுத்தோம். நாற்பத்தெட்டு! நாம் போட்ட கூச்சலில் டிரைவர் அண்ணன் பிரேக்கில் காலை வைத்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பரீட்சைக்குப் பேர் பதிகிற நேரத்தில் உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். நீ வந்தால் சேர்ந்தே பதியலாம் என்று நான் காத்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு என்னைக் கிழிகிழியென்று கிழித்தாய்.

"நான் வரலன்னா நீ அப்படியே நின்னுருவியா?"

"நின்ன நேரமும் பயணம்தான்னு யாருடி சொன்னது?"

அதற்கு நீ சிரித்தாய். சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "சரி, நின்னுக்கோ. ஆனா எறங்கிடாத" என்றாய். அதற்கப்புறம் நாம் கணக்குப் பேசவில்லை.

நீ போன பிறகும் டிரைவர் அண்ணன் சிடாம் கிரி முச்சந்தியில் பஸ்ஸை நிறுத்தினார். பழக்கம். கதவு திறக்கும், ஏற ஆள் இருக்காது. ஒரு நாள் பின்னாலிருந்து யாரோ, "அண்ணே, ஆளில்ல, ஜாலான் லா!" என்று கிளம்பச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "நிக்கட்டும்! உங்க அப்பன் வீட்டு பஸ்ஸா?" என்று எழுந்து நின்று கத்தினேன். அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சற்று நேரம் கழித்துத்தான் கதவை மூடினார்.

அந்த வருஷம் முழுக்க நான் படிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் உன் தைல வாசனை வரும், மூடி வைத்துவிடுவேன். வீட்டில், அந்த ஆசை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மெஷின் முன்னால் நிற்கும்போதெல்லாம் கால் வலித்தது. வலித்தபோதெல்லாம், 'இன்னும் எத்தன வருஷத்துக்குடி' என்று நீ கேட்டது காதில் விழுந்தது. ஒரு நாள் லூனாஸில் ஏறினேன். சாப்பாட்டுப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன், புத்தகத்தை மடியில் விரித்தேன். நின்றேனே தவிர, இறங்கிவிடவில்லை.

இன்றைய பேப்பரில் அது வந்தது, தெரியுமா? நம்ம பஸ்! அறுபது கிலோமீட்டரை மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அரை மணி நேரம் ஓரிடத்தில் நிற்கிறது. மீதி அறுபது கிலோமீட்டரை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. முழுப் பயணத்துக்கும் லாஜு புராத்தா என்ன? படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மேற்பார்வையாளர் முறைத்தார், முறைக்கட்டும். கடைசியில் ஒரு பஸ் நின்றுவிட்டதடி!

வெளியே வந்ததும் பிள்ளைகள் சிலர் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஐம்பது என்றான். ஒருத்தி, இல்லை, நாற்பத்தெட்டு என்று அடித்துச் சொன்னாள். பஸ் நிற்கும்போதுதான் ஓடவில்லையே, அதை எதற்குச் சேர்ப்பது என்பது அவள் கட்சி. நான் அவர்களைத் தாண்டி நடந்தேன். என் விடை நாற்பது.

முடிவு வர மாதங்கள் ஆகும். கிரெடிட் வந்தால் மறுநாளே மனுப் போடுவேன். வராவிட்டால் மறுபடி பேர் பதிவேன், மறுபடி எழுதுவேன். எனக்கு வெட்கமில்லை. நாளைக்குக் காலை வேலை இருக்கிறது, லூனாஸில் பஸ் ஏற வேண்டும்.

வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் ஒவ்வொரு வரியாக எழுதினேன். ஓடியது ஒரு மணி நேரம். நின்றது அரை மணி நேரம். மறுபடி ஓடியது ஒன்றரை மணி நேரம். நடுவில் இருக்கிற அந்த அரை மணி நேரம் உன்னுடையது. அதை விட்டுவிட்டுக் கூட்டினால் இனி என் கணக்கு எதுவும் சரியாக வராது.