டீ வாங்க அனுப்பியவனுக்கு

வெட்கத்தை விட்டு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இன்று காலை காதுகுத்து ஃபிளெக்ஸ் அடிக்க ஒருவர் வந்திருந்தார். கம்ப்யூட்டரைப் போட்டேன். எரிந்தது, அணைந்தது, தானாகவே மறுபடி எரிந்தது. உடனே நான் பாட்டுக்கு எழுந்து டீ வாங்கப் போய்விட்டேன். அதைச் சரிபண்ணக் கடையில் ஆளே இல்லை என்பது டீக்கடையில் தூக்குவாளியை நீட்டின பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்தால் அந்த மனுஷர் என்னிடமே கேட்கிறார், "ஓனர் எங்க போயிருக்காரு?"

நீ பழக்கிவிட்ட பழக்கம். பதினோரு வருஷமாக உள்வேலை உனக்கு, வெளிவேலை எனக்கு. தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் கம்பம் ஏறிக் கயிறு கட்டியவன் நான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு அந்தப் பெட்டியைத் தொடவே பயம். அதுவும் அடிக்கடி மக்கர் பண்ணும். கம்பெனிப் பெயர் வரும், திரை கறுக்கும், மறுபடி கம்பெனிப் பெயர் வரும். விட்டால் நாள் முழுக்க அதையே செய்யும்.

"இது மதர்போர்டு சமாச்சாரம்லே. நீ பக்கத்துல நின்னா ஓடாது. போ, டீ வாங்கிட்டு வா" என்பாய். நான் வருவதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அது மந்திரம். ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்குக் குங்குமம் வைத்த கையோடு உன் நெற்றியிலும் வைத்தேனே, விளையாட்டுக்கு இல்லை.

கடைசி மாதங்களில் அது ஒரு நாளைக்கு மூன்று முறை மக்கர் பண்ணியது. மூன்று முறையும் டீக்குப் போனேன். நீ மெலிந்துகொண்டே வந்தாய். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"என்னலே, ரெண்டாங் கல்யாணத்துக்கு உடம்ப எளைக்கியோ?"

"பொண்ணு பாத்துட்டேன். உங்கிட்டதான் சொல்லல."

"சாரல் காத்து அடிக்கு, சட்டப் பையில ரெண்டு கல்லு போட்டுக்கோ. பறந்துருவ."

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிப்பில் பிடிக்கிறாய் என்றே நினைத்தேன்.

நீ போன அன்றைக்குக் காலையில் செய்தி வந்தது. நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்றார்கள். ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுத்த கடை நம்முடையது. உன் முகத்தை இன்னொரு கடையிலா அடிக்க முடியும்? நீ சிரிக்கிற நல்ல போட்டோவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. போட்டேன். கம்பெனிப் பெயர், கறுப்பு, கம்பெனிப் பெயர். வயரைப் பிடுங்கி மாட்டினேன். பிரிண்டரைக் கழற்றினேன். யூபிஎஸ்ஸை விட்டு நேராகச் சுவரில் சொருகினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்கு என்ன, நாலு மணியா, அஞ்சு மணியா?

சர்வீஸ்காரருக்கு ஃபோன் போட்டேன். "குற்றாலத்துல லாட்ஜுல நிக்கேன், இன்னைக்கு வர முடியாது அண்ணாச்சி. பக்கத்துத் தகடக் கழத்தி, உள்ள ரேமை எடுத்து ரப்பர் போட்டுத் துடைங்க. அவரு அதத்தான செய்வாரு?"

"எந்த ரப்பர்?"

"பென்சிலு அழிக்க ரப்பர்தான்."

பதினோரு வருஷ மந்திரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வைத்திருக்கிற ரப்பர்! உன்னைத் திட்டிக்கொண்டே தகட்டைத் திறந்தேன். ரப்பர் இருந்தது. அடியில் மாத்திரை அட்டைகளும் இருந்தன. எல்லாம் காலி. இருபது, முப்பது இருக்கும். ஒன்று சரிந்து, போர்டின் கீழே நீட்டிக்கொண்டிருந்த ஊசிகளில் அதன் வெள்ளித் தகடு மாட்டிக் கிடந்தது. அதை உருவினேன். ரேமைத் தொடவே இல்லை, பெட்டி ஓட ஆரம்பித்துவிட்டது.

ஒற்றை விரலால் உன் பெயரைத் தட்டினேன். மூன்றரைக்கு ஃபிளெக்ஸ் உன் வாசலில் ஏறிவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அட்டைகளை உன் மனைவியிடம் நீட்டி, "இது என்னம்மா?" என்றேன்.

"ஈரல் கெட்டுப் போச்சுன்னு எட்டு மாசமாத் தெரியும்ணே. எங்க எல்லாத்துக்கும் தெரியும். ஒங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ."

"ஏனாம்?"

"சொன்னா கேலி பண்ணுதத விட்டுருவான், மூஞ்சியப் பாத்து அழுவான், பொறவு நான் கடைக்குப் போயி என்னத்துக்குன்னாவ."

இது ஒரு காரணமாலே? நான் பேசின ஒவ்வொரு கேலியையும் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்ப விழுங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பேன். அதுதான் உனக்கு வேண்டாம் என்கிறாய். எனக்கு வேண்டுமா என்று கேட்டாயா? உன் வீட்டு பீரோவில் ஒளித்திருந்தால்கூட ஆறியிருக்கும். நான் எதைத் திறக்கமாட்டேன் என்று தெரிந்து, என் பயத்துக்குள்ளேயே கொண்டுபோய் ஒளித்தாயே. எத்தனை டீ பெட்டிக்காக, எத்தனை டீ மாத்திரைக்காக என்று இனி யாரிடம் கேட்க?

இன்று அந்த மனுஷரைக் காக்க வைத்துவிட்டு நானே தகட்டைத் திறந்தேன், ரேமைத் துடைத்தேன். ஓடியது. ஆறு நிமிஷம்தான் ஆனது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத் துடைக்க உன்னிடம் ரப்பர் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் வாசலில் ஏறியது போக, செங்கோட்டை ரோட்டில் நான் கட்டிய உன் பெரிய ஃபிளெக்ஸ் மூன்றாம் நாள் காற்றில் அறுந்து, கேரளா போகிற வைக்கோல் லாரியில் விழுந்து, அதோடேயே போய்விட்டது. கீழே கடை நம்பர் இருந்ததால் புளியறை செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன்.

"இவரு யாரு?" என்றார் போலீஸ்காரர்.

"கூட வேல பாத்தவன் சார்."

"ஒழுங்கா கட்ட மாட்டீங்களாய்யா?"

"நாந்தான் கட்டுனேன் சார்."

முகம் உள்பக்கம் வருகிற மாதிரி மடித்து பைக்கின் பின்னால் கட்டினேன். செங்கோட்டை தாண்டியதும் கயிறு அவிழ்ந்து நீ ரோட்டில் விழுந்தாய். பின்னால் வந்த பஸ் நின்றது. எடுத்து, துடைத்து, மறுபடி கட்டினேன்.