"போட்டுடுவேன்" என்றால் என்ன அர்த்தம், தம்பி?

எங்கள் வீட்டுச் செல்லப்பிள்ளை குணாவுக்கு,

உன் வழக்கு நடக்கிறது. உன்னை இரும்புக் குழாயால் அடித்துக் கொன்ற செல்வம், தற்காப்புக்காகத்தான் அடித்தேன் என்கிறான். நியாலாஸ் சாலையோரத்தில் உன் பக்கத்திலேயே டுரியான் பழக்கடை போட்டிருந்த உன் கூட்டாளி. யார் மேசை யார் இடத்தில் என்று வாய்ச்சண்டை. உன் கையில் பழம் பிளக்கிற கத்தி. "தள்ளிப் போடுடா, இல்ல உன்னப் போட்டுடுவேன்" என்றாயாம்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் "கொன்றுவிடுவேன்" என்று சொன்னாராம். உன் மனைவி ராஜாத்தி வந்து சொல்லி அழுதாள்.

அகராதிப்படி தப்பில்லை. ஆனால் உன் வாயில் அது வேறு சொல் அல்லவா? கடையில் குடிக்கிற தே தாரிக் தேநீரில் சீனி குறைந்தால், "அங்கிள், போட்டுடுவேன் லா!" கல்யாணப் பத்திரிகை தராதவனிடம், "மச்சான், போட்டுடுவேன்!" அவர்களும் "போடேன் பாப்போம்" என்று சிரிப்பார்கள். செல்வம் எத்தனை முறை சிரித்திருக்கிறான்!

எனக்கு? "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான். பட்டம் வாங்கியவன் நான். அம்மா மீனின் நடுத்துண்டை வைத்தது உன் தட்டில். உன் சாவுக்குத் தஞ்சோங் கிளிங்கிலிருந்துகூட ஆட்கள் வந்து அழுதார்கள். எனக்கு யார் வருவார்கள்? பெட்டியில் கிடந்த உன்னைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

அரசு வழக்கறிஞர் என்னைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். "உங்களிடம் அப்படி விளையாட்டாகச் சொன்னதுண்டா?" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்குமாம். ராஜாத்தி கெஞ்சினாள்.

"ஆமான்னு சொல்லிடுங்க மாமா. ஒரு வார்த்தைதான லா."

"சொன்னதில்லையே."

"செத்தவருகிட்டயும் கணக்குப் பாப்பீங்களா?"

பார்ப்பேன். அந்தச் சொல் கொலைகாரனுக்குக்கூடக் கிடைத்தது. கூடப் பிறந்தவனுக்குக் கிடைக்கவில்லை. அதை எப்படி ஆமாம் என்பேன்?

கூண்டில் ஏறி உள்ளதைச் சொல்வேன், இது சத்தியம். "மனசுக்கு நெருங்கியவர்களிடம் மட்டும்தான் அவன் அப்படிச் சொல்வான். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. செல்வத்திடம் தினமும் சொன்னான். அதைக் கேட்டுப் பயந்தேன் என்கிறானே, நம்பாதீர்கள்." அங்கே எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

உன் மனசுக்குத் தள்ளியே நின்ற,
உன் அண்ணன்