ஆளுக்கு முன்னே போன பெட்டி

என் வீட்டுக்காரிக்கு,

முட்டிவலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல டிக்கெட் கவுன்ட்டர் அம்மா எழுதுகிறார்.

கூட்டிவரப் போன மாப்பிள்ளை என் பெட்டியை மட்டும் கொண்டுவந்தாரே என்று அழுது ஊரைக் கூட்டாதே. நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறேன். எங்களுடையது சின்ன விமானம், ஆளையும் எடைபோட்டுத்தான் ஏற்றுவோம். லீவுக்கு வர நான் ஏறி உட்கார்ந்த பிறகு, பிரசவ வலியோடு ஒரு பெண் வந்தாள்.

“ஒரு ஆள் இறங்கணும்” என்றார் பைலட்.

மூத்தவள் பிறந்த அன்று வண்டி கிடைக்காமல் நீ துடித்தது கண்ணில் நின்றது. இறங்கிவிட்டேன்.

“பெரியவரே, மூட்டை ஏத்துற நீங்களே மூட்டையா இறங்குறீங்களே!” என்று பைலட் சிரித்தார். அவசரத்தில் பெட்டியை இறக்க மறந்தோம்.

நாளை விமானத்தில் கடுதாசிக்குத்தான் இடமாம், எனக்கு அடுத்த வாரம். கவுன்ட்டர் அம்மா வீட்டுக்காரர் சட்டையில் இருக்கிறேன். போர்வையும் பெட்டியோடு போய்விட்டது. இங்கே குளிருமே என்று திருப்பி அனுப்பிவிடாதே. அது அங்கே இருந்தால்தான், அதைத் தேடிக்கொண்டாவது நான் வருவேன்.